இந்தப் பட்டம் செல்லுமா?



இணையவழிப் பல்கலைக்கழகங்களைப் பற்றியும், உயர்கல்விக்குத் தரச்சான்று வழங்கும் முறையைப் பற்றியும் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையினர் பணித்தீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குகிறேன். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் ஒரு கல்வி நிலையம் தொடங்கினார்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாம் அங்கே பாடமாக இருந்தன. வட்டுக்கோட்டை செமினரி என்று பெயர் பெற்ற அந்த நிலையத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் மட்டும் கிடையாது. 1855-இல் அது மூடப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1857 செப்டம்பர் 5 அன்று, சென்னைப் பல்கலைக்கழகம் சட்டத்தின் வழியே பிறந்தது. அது நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறிப் பட்டம் வாங்கிய இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, பின்னாளில் ஏட்டுச் சுவடியிலிருந்து கலித்தொகையை 1887-இல் அச்சேற்றித் தந்தவர். மற்றவர் அவருக்கே ஆசிரியராக இருந்த கரோல் விசுவநாத பிள்ளை. ஆசிரியரும் மாணவரும் ஒரே தேர்வை எழுதினார்கள்.

அந்த இருவருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு பாடம்கூட நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட அது, தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகத்தான் இருந்தது. கற்பித்தல் கல்லூரிகளின் வேலை. சேப்பாக்கத்தில் இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் செனட் மண்டபம் எழுந்தது 1870-களில். பல்கலைக்கழகம் தனக்கென்று துறைகளை வைத்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில். நல்ல கல்வி ஓரிடத்தில், பட்டம் வேறோரிடத்தில் என்ற நிலை இந்த ஊருக்குப் புதியதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வகுப்பறை இல்லாத பல்கலைக்கழகம் என்றவுடன் நம்மில் பலருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. நம்முடைய முதல் பல்கலைக்கழகமே அப்படித்தான் தொடங்கியது. அதன் பட்டத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தது தேர்வு.

நான் பல ஆண்டுகள் அஞ்சல்வழி மாணவர்களுக்கு வார இறுதிகளில் நேர்முக வகுப்பு எடுத்தவன். காண்டாக்ட் கிளாஸ் என்று அவர்கள் சொல்வார்கள். காவலர்கள், நடத்துநர்கள், ஆய்வகப் பணியாளர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் புத்தகத்தைத் திறக்கும் தாய்மார்கள் வருவார்கள். தி. நகர் ஜவுளிக் கடைகளில் வேலை பார்த்தவர்களும் உண்டு. தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்து, கடைக்காரர் கொடுத்த விடுதியில் தங்கி, உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் காலை முதல் இரவு வரை நிற்பவர்கள். நேர்முக வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் கடையில் கூட்டம் நெரிவதும் ஞாயிற்றுக்கிழமை. அதனால் பெயரைப் பதிவு செய்துவிட்டு ஒரு வகுப்புக்கும் வர முடியாமல் போனவர்கள் ஏராளம். தேர்வு நாளுக்கு மட்டும் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கி வருவார்கள். இன்று கடை மூடிய பிறகு, படுக்கப் போகுமுன், கைப்பேசியில் ஒரு பாடத்தைக் கேட்க முடிகிறது. இணையவழிக் கல்வியை நான் மனமார வரவேற்பது இந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான். அவர்களுக்கு இதைவிட ஏற்ற வழியை நம்மில் யாரும் இதுவரை அமைத்துக் கொடுக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி பாடத்தைப் பற்றியதாக இருப்பது அரிது. "சார், இந்தப் பட்டம் செல்லுமா?" என்பார்கள். டிஎன்பிஎஸ்சிக்குச் செல்லுமா, பதவி உயர்வுக்குச் செல்லுமா, துபாய்க்குப் போனால் செல்லுமா? மூன்று ஆண்டு உழைப்பையும் பணத்தையும் போட்டுவிட்டு ஒருவர் இப்படிக் கேட்க நேர்கிறதே என்று ஒவ்வொரு முறையும் மனம் கலங்கும். இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடைதான்.

ஒரு பட்டம் செல்ல வேண்டுமானால் நம் நாட்டில் அது மூன்று வாசல்களைக் கடந்தாக வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் பெரும்பாலான ஏமாற்றங்கள் பிறக்கின்றன.

முதல் வாசல் சட்டம். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தில் 22-ஆவது பிரிவு, பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு என்று வரையறுக்கிறது: நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ சட்டம் இயற்றி நிறுவிய பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம். 23-ஆவது பிரிவு, சட்டத்தால் நிறுவப்படாத எந்த அமைப்பும் பல்கலைக்கழகம் என்ற பெயரையே சூட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது. இந்த வாசலின் அருமையை நாம் சத்தீஸ்கரில் பார்த்தோம். அந்த மாநிலம் 2002-இல் ஒரு சட்டம் இயற்றி, அறிவிக்கை ஒன்றின் வழியாகவே தனியார் பல்கலைக்கழகங்களை உருவாக்கலாம் என்றது. நூற்றுக்கும் மேற்பட்டவை முளைத்தன. கட்டடமும் ஆசிரியரும் இல்லாதவை அவற்றில் பல. பேராசிரியர் யஷ்பால் உச்ச நீதிமன்றம் சென்றார். 2005 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளைச் செல்லாது என்று நீக்கியது.

நம் கோட்டூர்புரத்திலேயே இதற்கு இன்னொரு வகை உதாரணம் இருக்கிறது. அது நல்ல உதாரணம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் தொடர்ச்சியாக, 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் டாக்டர் வா. செ. குழந்தைசாமி. அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், பின்னர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் துணைவேந்தராகவும் இருந்தவர். கல்வி கற்பவரைத் தேடிப் போக வேண்டும் என்பதை அவரைவிட ஆழமாக உணர்ந்த கல்வியாளரை நான் அறியேன். உலகெங்கும் சிதறியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மழலைக் கல்வியிலிருந்து பட்டக் கல்வி வரை இணையத்தில் வைத்தார்கள். யூடியூபே இல்லாத காலம் அது! ஆனால் அது சங்கமாகப் பதிவு பெற்ற அமைப்பு. சட்டமன்றச் சட்டத்தால் பிறந்ததல்ல. 2010-இல் அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று ஆனது. அதன் மின்நூலகத்தை இன்று பயன்படுத்தாத தமிழ் ஆய்வாளர் இல்லை. தரத்துக்கும் சட்ட நிலைக்கும் இடையே இருக்கும் தூரம் வட்டுக்கோட்டையோடு முடிந்துவிடவில்லை. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கிய அடுத்த ஆண்டு, 2002-இல், மாநிலச் சட்டத்தின் வழியாகத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. சைதாப்பேட்டையில் இயங்குகிறது.

இரண்டாம் வாசலில்தான் நம் மக்கள் அதிகம் இடறி விழுந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் உண்மையானதாக இருக்கும். நூறாண்டுப் பழமையும் இருக்கும். ஆனால் அது நடத்தும் குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட முறையில், குறிப்பிட்ட ஆண்டில் அனுமதி இருந்ததா என்பது தனிக் கேள்வி. இந்த வரலாற்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் அஞ்சல்வழிக் கல்வியை 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1981-இல் சென்னைப் பல்கலைக்கழகம். கல்லூரி வாசலையே மிதிக்காத ஒரு தலைமுறை இவற்றால் பட்டதாரி ஆனது. ஆசிரியர்களும் எழுத்தர்களும் வருவாய்த் துறையினரும் இந்தப் படிப்புகளைப் படித்துத்தான் மேலே வந்தார்கள். 1985-இல் இக்னோ வந்தது. நாடெங்கும் தொலைநிலைக் கல்வியைக் கண்காணிக்க ஒரு கவுன்சில் வேண்டும் என்று, அதையும் இக்னோவுக்குள்ளேயே வைத்தார்கள். தானும் தொலைநிலைக் கல்வி நடத்திக்கொண்டு, மற்றவர்களின் தொலைநிலைக் கல்விக்கு அனுமதியும் கொடுக்கும் அமைப்பாக அது இருந்தது. இந்தக் குழப்பம் 2013 வரை நீடித்தது. அந்த ஆண்டு கவுன்சில் கலைக்கப்பட்டு, பொறுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கு மாறியது.

இடைப்பட்ட காலத்தில் அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் என்று நாம் சொல்லும் தரமணி திரைப்படக் கல்லூரியிலிருந்து ஒரு வழக்கு கிளம்பியது. அங்கே முதல்வர் பதவிக்கு நியமிக்கப்பட்டவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைத் திட்டத்தில் எம்.ஏ. வாங்கியவர். அந்தத் திட்டத்தில் முதல் பட்டம் இல்லாமலே நேராக முதுகலையில் சேரலாம். நியமனத்தை எதிர்த்து வழக்கு வந்தது. 1985-ஆம் ஆண்டின் யூஜிசி விதிகள் முதல் பட்டம் இல்லாமல் முதுகலைக்கு இடமே தரவில்லை என்றும், இக்னோ சட்டத்தின் கீழ் பின்னாளில் கொடுக்கப்பட்ட ஒப்புதல் அந்தக் குறையைத் தீர்க்காது என்றும் 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படிக்காமல் பெற்ற திறந்தநிலைப் பட்டங்கள் அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படா.

சட்டப்படி அந்தத் தீர்ப்பில் குறை காண முடியாது. என் மனத்தை உறுத்துவது வேறு. அந்தப் பட்டத்தைக் கொடுத்தது தெருவோரக் கடை அல்ல, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய, 1929-இலிருந்து சட்டப்படி இயங்கும் பல்கலைக்கழகம். அரசின் விளம்பரங்களிலும் நாளிதழ்களிலும் அதன் பெயர் அன்றாடம் வந்தது. துறை அனுமதி பெற்றுத்தான் ஊழியர்கள் அதில் சேர்ந்தார்கள். 1985 விதியின் எந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்பதை ஓர் எழுத்தரோ செவிலியரோ எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும்? விதியை மீறியது ஒருவர். விலை கொடுத்தவர் வேறொருவர்.

இதே கதை 2017-இல் இன்னும் கடுமையாக நடந்தது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. அவற்றில் ஒன்று நம் சேலத்தில் உள்ள விநாயகா மிஷன்ஸ். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி இல்லாமல் பொறியியலை அப்படி நடத்த முடியாது என்ற உச்ச நீதிமன்றம், 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்தி வைத்து, மீண்டும் ஒரு தேர்வு எழுதித் தேறினால் மட்டுமே அவை செல்லும் என்றது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. கட்டணத்தைத் திருப்பித் தரவும், அனுமதி கொடுத்த அதிகாரிகளை விசாரிக்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது நியாயமான செயல். ஆனாலும் நாற்பது வயதில், பணியில் இருந்துகொண்டு, படித்து ஆண்டுகள் பல கழிந்த பொறியியல் பாடத்தில் மறுபடி தேர்வு எழுதியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

2022-இல் யூஜிசி மீண்டும் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரை மட்டுமே அங்கீகாரம் இருந்தது என்றது. அந்த வரம்புக்குப் பிறகும் சேர்க்கை நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் எத்தனை! எச்சரிக்கை வருவதற்குள் அத்தனை பேரும் சேர்ந்து, படித்து, தேர்வெழுதி முடித்திருந்தார்கள்.

மூன்றாம் வாசல் தரச்சான்று. 1994-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் கவுன்சிலை நாம் நாக் என்கிறோம். பொறியியல் போன்ற படிப்புகளைத் தனித்தனியே மதிப்பிட என்பிஏ என்று இன்னொரு வாரியம் உண்டு. நாக் ஒரு கல்வி நிலையத்தை முழுமையாக எடைபோடுகிறது. பல்லாண்டாக நடந்துவந்த முறையில், நிறுவனம் முதலில் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுதி, ஆவணங்களோடு அனுப்பும். அந்தப் புள்ளிவிவரங்களைச் சரிபார்ப்பார்கள். பிறகு வேறு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் அடங்கிய குழு நேரில் வரும். நான்குக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். 3.51 முதல் ஏ பிளஸ் பிளஸ், 3.26 முதல் ஏ பிளஸ், 3.01 முதல் ஏ. இப்படியே இறங்கிக்கொண்டு போகும். சான்று பொதுவாக ஐந்து ஆண்டு நிற்கும்.

இந்த மதிப்பெண்தான் இப்போது இணையவழிப் பட்டத்துக்கு நுழைவுச் சீட்டு. முழுப் பட்டப் படிப்பையும் இணையத்தில் நடத்தலாம் என்று யூஜிசி முதன்முதலில் விதி வகுத்தது 2018-இல். 2020 செப்டம்பரில் தொலைநிலை, இணையவழி இரண்டுக்கும் பொதுவான விதிகள் வந்தன. 3.26 மதிப்பெண் இருந்தால், அல்லது மத்திய அரசின் தரவரிசையில் முந்தைய மூன்று முறைகளில் இரண்டிலாவது முதல் நூறு இடங்களுக்குள் இருந்தால், இணையவழிப் படிப்பு தொடங்கத் தகுதி. மருத்துவம், பொறியியல், சட்டம், செவிலியம், மருந்தியல் போன்றவற்றை இணையத்தில் நடத்தக் கூடாது. முனைவர் பட்டமும் கூடாது. தொலைநிலைக்கு மாநில எல்லை உண்டு; இணையவழிக்கு எல்லை இல்லை. வேறொரு நிறுவனத்துக்குக் குத்தகை விட்டுப் படிப்பை நடத்துவதற்கு இரண்டிலும் இடமில்லை. அனுமதி பெற்ற இணையவழிப் பட்டம் வகுப்பறைப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யூஜிசி தெளிவுபடுத்தியது. கடையில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு நான் இப்போது துணிந்து சொல்லக்கூடிய பதில் இதுதான்: படிப்பும் சேரும் பருவமும் யூஜிசி இணையதளத்துப் பட்டியலில் இருந்தால், செல்லும்.

இந்த விதிகளில் நல்லவை நிறைய உண்டு. ஆனால் 3.26 என்ற எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை. பல்கலைக்கழகங்களை நாக் மதிப்பிட்டு வந்த அட்டவணையைப் பாருங்கள். மொத்தம் ஆயிரம் புள்ளி. ஆய்வுக்கு 250. கற்பித்தலும் மதிப்பீடும் சேர்த்து 200. பாடத்திட்டத்துக்கு 150. கட்டடம், நூலகம் போன்ற வசதிகளுக்கு 100. மாணவர் நலனுக்கும் நிர்வாகத்துக்கும் நிறுவன விழுமியங்களுக்கும் தலைக்கு நூறு. ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறை நல்ல ஆய்வுக் கட்டுரைகள் எழுதினால் மதிப்பெண் ஏறும். அந்த மதிப்பெண்ணை வைத்து அதே பல்கலைக்கழகம் இணையத்தில் பி.காம். நடத்தலாம். அந்த பி.காம். மாணவருக்கு விடைத்தாளைத் திருத்துபவர் யார், அவர் ஐயம் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு எத்தனை நாளில் பதில் வருகிறது, அவர்தான் தேர்வெழுதினாரா என்பவற்றுக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. வளாகத்தை அளந்த கோலைக் கொண்டு வளாகத்துக்கே வராத மாணவரின் கல்விக்குச் சான்று தருகிறோம்.

எண்ணின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றினால், எண்ணை வாங்கும் ஆசையும் ஏறும். 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் அளிக்க லஞ்சம் வாங்கியதாக, ஆய்வுக்குச் சென்ற நாக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். குழு வரும் வாரத்தில் சுவருக்கு வெள்ளையடித்து, கோப்புகளுக்கு அட்டை மாற்றி, மாணவர்களுக்குப் பதில் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தை இந்த அரங்கில் இருக்கும் ஆசிரியர்கள் பலர் கண்ணால் கண்டிருப்பீர்கள். இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு தந்த பரிந்துரைப்படி, எழுத்துத் தரங்களை விட்டுவிட்டு, தரச்சான்று உண்டு, இல்லை என்ற இரு நிலை முறைக்கு மாறப்போவதாக 2024 ஜனவரியில் நாக் அறிவித்தது. அந்த முறையிலும் இணையவழிப் படிப்பைத் தனியே நிறுத்தி எடைபோடாவிட்டால், பழைய குறை அப்படியே இருக்கும்.

எதை எடைபோட வேண்டும் என்பதற்கு அடையாற்றிலேயே வழிகாட்டி இருக்கிறது. 2020 ஜூன் 30 அன்று சென்னை ஐஐடி நிரலாக்கமும் தரவு அறிவியலும் சேர்ந்த இணையவழிப் பட்டப் படிப்பை அறிவித்தது. ஐஐடிகள் 1961-ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. தமக்கான பட்டங்களைத் தாமே வழங்குபவை. ஜேஇஇ எழுதாதவரும் இதில் சேரலாம். முதலில் நான்கு வாரப் பாடத்தைக் கொடுக்கிறார்கள். அதைப் படித்து, வாராந்தர ஒப்படைப்புகளை முடித்து, தகுதித் தேர்வில் தேறினால் அனுமதி. பாடங்கள் இணையத்தில், ஆனால் முக்கியத் தேர்வுகளை அடையாள அட்டையோடு மையத்துக்குப் போய், கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். படிப்பை முழுவதும் முடிக்க இயலாதவர் அடிப்படைச் சான்றிதழோடோ டிப்ளமாவோடோ கௌரவமாக வெளியேறலாம்.

இந்த ஏற்பாடு ஓரிரவில் வந்ததல்ல. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இதற்கு முன்னோடி. அதை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர் 2001 முதல் பத்தாண்டு சென்னை ஐஐடியின் இயக்குநராக இருந்த பேராசிரியர் எம். எஸ். ஆனந்த். பாட ஒளிப்பதிவுகளை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் சிறு கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். 2014-இலிருந்து இப்படிச் சான்றிதழ் தருகிறார்கள். சேர்வதற்கு வாசல் அகலம். தேர்ச்சிக்கு வாசல் கண்டிப்பு. 1857-இன் பல்கலைக்கழகமும் தேர்வைத்தான் நம்பியது. அதனால்தான் இணையவழிக் கல்வி என்றாலே வீட்டில் உட்கார்ந்து கேமரா முன் தேர்வெழுதுவது என்று ஆக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாணவர் பாடம் படிக்க வீடு போதும். தேர்வெழுத மட்டும் அவர் ஊரில், அவருக்கு எட்டும் தூரத்தில், ஒரு மேசையும் நாணயமான கண்காணிப்பாளரும் வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குக் கல்லூரிக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை.

வெளிநாட்டுப் பெயருக்கு மயங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தரச்சான்று வழங்குபவை தனியார் அமைப்புகள். அவற்றில் எவற்றை நம்பலாம் என்று அந்நாட்டுக் கல்வித் துறை பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் உள்ள அமைப்பின் சான்று பெற்ற கல்லூரிக்குத்தான் மாணவர் அரசுக் கடனைக் கொண்டு போகலாம். போலிகள் இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: போலிப் பல்கலைக்கழகத்தோடு, அதற்குச் சான்று தரும் போலி அமைப்பையும் சேர்த்தே தொடங்கினார்கள். கராச்சியிலிருந்து அப்படி நூற்றுக்கணக்கான இணையதளங்களை நடத்திய ஆக்ஸாக்ட் நிறுவனத்தை 2015-இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. இங்கே எட்டெக் நிறுவனங்களோடு கைகோத்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயரால் கொடுக்கப்படும் இணையவழிப் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2023 டிசம்பரில் யூஜிசி எச்சரித்தது. பத்து நாளில் எம்பிஏ என்ற விளம்பரங்களையும் அடுத்த ஆண்டு கண்டித்தது. 2023 பிப்ரவரியில் கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தின் விவேகானந்தர் அரங்கில் ஏதோ ஓர் அமைப்பு திரைத்துறைப் பிரபலங்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியதும், பின்னர் அது போலி என்று தெரியவந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அரங்கைப் பார்த்துப் பட்டத்தை நம்பினார்கள். படித்தவர்களும் புகழ் பெற்றவர்களுமே ஏமாறும்போது, கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரியை ஏன் விசாரிக்கவில்லை என்று குற்றம் சொல்வது எப்படித் தகும்?

அமெரிக்கா நமக்குக் கற்றுத்தரும் இன்னொரு பாடமும் உண்டு. கொரிந்தியன் என்ற தனியார் கல்லூரிக் குழுமம் மாணவர்களைப் பொய் சொல்லிச் சேர்த்தது. 2015-இல் மூடப்பட்டது. அதில் படித்த 5,60,000 பேரின் கல்விக் கடன் 580 கோடி டாலரை 2022 ஜூனில் அந்நாட்டு அரசு தள்ளுபடி செய்தது. தாமதம்தான், ஏழாண்டு ஆயிற்று. ஆனாலும் அரசு அனுமதித்த கதவு வழியே உள்ளே போனவர் ஏமாந்தால், அந்த இழப்பில் அரசுக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். கல்லூரி மூடப்பட்டால் மாணவர்கள் வேறொரு கல்லூரியில் படிப்பை முடிப்பதற்கான திட்டத்தையும் தரச்சான்று அமைப்புகள் முன்கூட்டியே கேட்டு வாங்குகின்றன.

நம் நாட்டில் இந்தப் பொறுப்பை ஏற்க இப்போது நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது. 2024-இலிருந்து தொலைநிலை, இணையவழிப் படிப்பில் சேரும் ஒவ்வொருவரும் யூஜிசியின் தளத்தில் டெப் எண் என்ற தனி அடையாள எண்ணைப் பெற்றாக வேண்டும். யார், எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் படிப்பில், எந்தப் பருவத்தில் சேர்கிறார் என்பது சேரும் அன்றே ஒழுங்குமுறை அமைப்பின் கையில் இருக்கிறது. 2009-இலும் 2017-இலும் எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல இடமிருந்திருக்கலாம். இனி இல்லை.

ஆகவே என் வேண்டுகோளை வெளிப்படையாக வைக்கிறேன். அனுமதி இல்லாத படிப்புக்கு டெப் எண்ணே பிறக்கக் கூடாது. எண் கொடுத்து மாணவரைச் சேர்த்துக்கொண்ட பிறகு, அவர் நேர்மையாகப் படித்துத் தேறினால், பல்கலைக்கழகத்துக்கும் யூஜிசிக்கும் இடையே பின்னால் எழும் எந்த வழக்காலும் அவருடைய பட்டம் பாதிக்கப்படாது என்று விதியிலேயே எழுத வேண்டும். விதி மீறிய நிறுவனத்துக்கு அபராதம் போடுங்கள், சேர்க்கையை நிறுத்துங்கள், பொறுப்பானவர்களைப் பதவியிலிருந்து இறக்குங்கள். மாணவரின் மதிப்பெண் பட்டியலை மட்டும் தொடாதீர்கள். படிப்பு நடுவில் நின்றால், பாக்கியை வேறொரு பல்கலைக்கழகத்தில் முடித்துக் கொடுப்பதற்கான செலவை ஒவ்வொரு நிறுவனமும் முன்பணமாகக் கட்டி வைக்கட்டும்.

மாநில அரசிடமும் ஒன்று கேட்கிறேன். அங்கீகாரப் பட்டியல் இன்று ஆங்கிலத்தில், பருவவாரியாக, பல பக்கங்களாகக் கிடக்கிறது. கடைப் பணியாளர் ஒருவர் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் அதைத் திறந்து விடை கண்டுபிடிப்பது எளிதல்ல. தமிழ்நாட்டில் சேரக்கூடிய எல்லா இணையவழிப் படிப்புகளையும், டிஎன்பிஎஸ்சிக்கு அவை ஏற்கப்படுமா என்ற விவரத்தோடு, தமிழில் ஒரே பக்கமாக மாநில உயர்கல்வி மன்றம் வெளியிடலாம். சேப்பாக்கத்திலும் சைதாப்பேட்டையிலும், பிறகு மாவட்டத் தலைநகரங்களிலும், ஞாயிற்றுக்கிழமை மட்டுமன்றி வார நாட்களிலும் திறந்திருக்கும் ஒரு விசாரணைச் சாளரம் வைக்கலாம். அங்கே கொடுக்கப்படும் பதிலை முத்திரையிட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து நேர்முகத் தேர்வில் யாராவது கேட்டால் அந்தத் தாளை எடுத்து நீட்ட அவருக்கு உரிமை வேண்டும்.

இந்த வேண்டுகோள்களின் வரைவை எழுத்தாகவும் தயாரித்திருக்கிறேன். அறக்கட்டளையினர் ஒப்பினால், இங்கே வந்திருக்கும் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர்களின் கையெழுத்தோடு அதை உயர்கல்வித் துறைக்கும் யூஜிசிக்கும் அனுப்பலாம். வாசலருகே மேசையில் வைத்திருக்கிறோம்.